வெதுவெதுப்பாக இருந்த எஞ்சின்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு வண்டி விளம்பரத்திலிருந்து கிடைத்தது. 'சிறிய வேன். டீசல். ஒரே கை ஓட்டியது. எஞ்சின் நல்ல நிலையில்.' அவ்வளவுதான் விளம்பரம். இதில் கடைசி மூன்று சொற்களை எடுத்துக்கொண்டு ஒரு கதை பண்ணலாம் என்று தோன்றியது. ஒரு எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்று வாங்க வருகிறவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கேட்கச் சப்பென்று இருக்கிறதா? என் பழைய பதிப்பாளருக்கும் அப்படித்தான் இருந்தது. "டீசல் எஞ்சினைப் பத்தி எழுதினா எவன்யா படிப்பான்?" என்றார். அவர் இப்போது பதிப்பகத்தை மூடிவிட்டு ஜன்னல் திரைச்சீலை விற்கிறார். எனவே அவருக்குப் பதில் சொல்லும் கட்டாயம் எனக்கு இல்லை.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: 'அந்த வேன் சுவரோரம் நின்றிருந்தது, யாருக்காகவோ காத்திருப்பதுபோல' – வேன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும்படி' – இது பாடப்புத்தகம். அடித்தாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது: 'அவர் சாவியைக் கேட்கவில்லை. முன்சீட்டைத் தூக்கச் சொன்னார். அந்த ரக வேனில் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். தூக்கியதும் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார்.'

இது நிற்கிறது. இங்கிருந்து போகலாம்.

2.

கை வைத்தவர் ஜெனரேட்டர்காரர். வயது ஐம்பத்தெட்டு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறத்துக் கொட்டகையில், இரண்டு டீசல் ஜெனரேட்டர்களோடு இருபத்தாறு வருடம் இருந்தவர். மின்சாரம் போனால் பத்து நொடிக்குள் எஞ்சின் எடுத்தாகவேண்டும். எடுக்காவிட்டால் மேலே ஆபரேஷன் மேசையில் கிடப்பவரின் கதி என்ன என்று யாரும் அவருக்கு விளக்கவேண்டியதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட எடுக்காமல் இருந்ததில்லை. பிறகு ஆஸ்பத்திரி, ஆள் இல்லாமல் தானே எடுத்துக்கொள்ளும் புது இயந்திரங்களை வாங்கியது. அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்தங்கும்.

கடிகாரம் மாட்டிய அறையில் அவர் ஒருவர்தான். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன மனைவி இன்னும் அங்கேயே இருக்கிறார். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை, அதுதான் சங்கடமே. சண்டை என்றால் ஒருநாள் சமாதானம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஏதோ ஒண்ணு. ஒருத்தனுக்கு எவ்வளவு வேணும்?"

"இங்க வந்துடுங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்க."

"வந்து? மாப்பிள்ளை வீட்டு சோபாவுல உக்காந்து ரிமோட்டை அமுக்கிக்கிட்டு இருக்கவா? வேன் ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன். பேக்கரியில லைன் தர்றேங்கறாங்க."*

[*லைன் என்றால் ரொட்டி இறக்கும் பாதை. ஒரு லைனுக்கு முப்பத்தோரு கடை. விடிகாலை நாலரைக்குப் பேக்கரி வாசலில் வண்டி நிற்கவேண்டும், ஆறரைக்குள் கடைசிக் கடைக்கு ரொட்டி போய்விடவேண்டும். இரண்டு நாள் வண்டி வரவில்லை என்றால் லைன் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பேக்கரி சூப்பர்வைசர் இதை மூன்று தடவை சொல்லியிருந்தார்.]

அவருடைய சேமிப்பு முழுவதும் அந்த வேனுக்குள் போகப்போகிறது. தவறான வண்டியை வாங்கிவிட்டால் மாப்பிள்ளை வீட்டு சோபாதான். அதனால் அவருக்கு அழகான வண்டி வேண்டாம், வேகமான வண்டி வேண்டாம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்துவிட்டு, காலையில் சாவியை முதல் தடவை திருப்பியதும் எடுக்கிற எஞ்சின் வேண்டும்.

ஆறு வண்டிகளைப் பார்த்துக் கழித்தார். ஒன்றில் ஆயில் கம்பியை உருவி விரலில் தேய்த்தார், இரும்புப் பொடி நறநறத்தது, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னொன்று நீலப் புகை விட்டது. ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். மூன்றாவதில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே ஓட்டைமேல் கவிழ்த்து வைத்தார். மூடி தட்டுத் தடுமாறித் துள்ளியது. உள்ளே அழுத்தம் நிற்காமல் கசிகிறது, அந்த எஞ்சினுக்கு நெஞ்சு போய்விட்டது.

"அண்ணே, வண்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான் தரகன்.

"பொண்ணு பாத்தப்ப இவ்வளவு பாக்கலப்பா. அதான் இப்பத் தனியா நிக்கறேன்" என்றார். தரகன் சிரித்தான். அவரும் கூடவே சிரித்து வைத்தார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. எஞ்சினைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சூடாக இருக்கும்போது களைத்துப்போன எஞ்சின்கூட நல்ல பிள்ளையாக எடுத்துவிடும். (நான் அடித்த இரண்டாவது தொடக்கம் இதற்குத்தான்.) வாங்க ஆள் வருகிறது என்று தெரிந்தால், விற்கிறவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கவேண்டும். ஆறு வண்டிக்கும் அவர் அப்படித்தான் போனார்.

ஏழாவது வண்டிக்கு மட்டும், அரை மணி நேரம் முன்னால் போன் செய்துவிட்டுப் போனார்.

3.

விற்பவர் ஒருவர் வேண்டும். முதலில் ஒரு ஆளைச் செய்தேன்: பெரிய தொப்பை, விரலில் மோதிரம், வாயில் பல் குத்தும் குச்சி, பேச்சில் தேன். அவனை வெறுக்க உங்களுக்கு அரைப் பக்கம் போதும். ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஜெனரேட்டர்காரர் எஞ்சின்மேல் கையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, எதிரில் இருப்பவன் தலையைக் குனியவேண்டும். மோதிரக்காரன் குனிய மறுத்துவிட்டான். மூன்று நாள் அவனோடு மல்லுக்கட்டினேன். 'அவன் சற்றே' என்று ஒரு வாக்கியம் இன்னும் அந்தத் தாளில் பாதியில் நிற்கிறது.

சுற்றி வளைப்பானேன். வண்டியை விற்றது நான். அந்த விளம்பரத்தை எழுதியதும் நான்தான்.

புத்தகக் கண்காட்சிகளுக்கு என் புத்தகத்தை ஏற்றிப் போகலாம் என்று வாங்கிய வேன் அது. ஏற்றிப் போனதைவிட இறக்கி வைத்ததுதான் அதிகம். நானும் தனி ஆள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை இந்தக் கதையில் சொல்வதாக இல்லை. குளிர்ந்த காலைகளில் அந்த வேன் என்னைப் படுத்தி எடுத்துவிடும். செல்ஃப் அரைத்துக்கொண்டே இருக்கும், வெள்ளைப் புகை தெருவை மூடும், பத்தாவது பதினைந்தாவது திருப்பலில்தான் எடுக்கும். ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் முழுக்கத் தொந்தரவு இல்லை.

மெக்கானிக்கிடம் காட்டினேன். "குளிருல உள்ள சூடு குடுக்கற ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். அப்படின்னா ஒரு மணி நேர வேலை. கம்ப்ரஷன், அதான் உள்ள அழுத்தம், போயிருந்தா எஞ்சினையே பிரிக்கணும். சோதிச்சுப் பாத்துச் சொல்லட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். தெரிந்துகொண்டால் சொல்லவேண்டியிருக்கும். எனவே தெரிந்துகொள்ளவில்லை.

விளம்பரம் கொடுத்தபின் ஒருநாள் போன் வந்தது. "சார், வண்டி பாக்க அரை மணியில வந்துடறேன். திடுதிப்புனு வந்து நின்னா நல்லா இருக்காதுல்ல, அதான்."

நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பதினெட்டாவது திருப்பலில் எடுத்தது. கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். புகை கலைய வாசல் கேட்டைத் திறந்து வைத்தேன். அவர் வந்தார். சீட்டைத் தூக்கச் சொன்னார். உள்ளங்கையை வைத்தார். தொட்டவுடன் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. காய்ச்சல் பார்ப்பவர்போல வைத்தபடியே நின்றார்.

"வண்டி வெயில்ல நின்னுச்சா, சார்?"

"ஆமாண்ணே. காலையிலேர்ந்து வெளியிலதான் நின்னுச்சு."

வானம் மூன்று நாளாக மூடியே கிடந்தது. அவர் ஒருமுறை மேலே பார்த்தார். "ம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாவியைத் திருப்பினார். முதல் திருப்பலில் எடுத்தது. ஆயில் கம்பியைப் பார்த்தார். மூடியைக் கவிழ்த்து வைத்தார். மூடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. (இந்த மூடியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது தூங்குகிறேன்.)

4.

டீ போட்டேன். வீட்டில் ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு, மாவு அளக்கும் கப்பில் நான் குடித்தேன். நாற்காலியும் ஒன்றுதான். அதை எனக்கு விட்டுவிட்டு அவர் ஒரு புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் என்ன?"

"நான் எழுதினதுண்ணே."

"இவ்வளவுமா!"

"ஒரே புத்தகந்தான். ஐந்நூறு பிரதி."

ஒன்றை உருவி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். "கடைசியில என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகாது."

"அதுவும் சரிதான்" என்று பத்திரமாகத் திரும்ப வைத்தார். என் புத்தகத்துக்கு வந்த விமர்சனங்களில் இதுதான் கனிவானது.

இரண்டு மணி நேரம் இருந்தார். மனைவி, கடிகாரம், கழித்த ஆறு வண்டிகள் எல்லாம் அன்றைக்குச் சொன்னவைதான். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார்.

ஐந்து நாள் கழித்து மறுபடி போன். மறுபடி அரை மணி முன்னால். மறுபடி நான் ஓடினேன். இந்தத் தடவை 'சார்' போய்த் 'தம்பி' வந்திருந்தது. எஞ்சின்மேல் கை வைத்தார், வெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"காலையில சாவியைப் பாதி திருப்பி, ஹீட்டர் போட்டு, ஒரு நிமிஷம் நிக்கணுமா தம்பி?"

இதைவிட மெல்ல ஒருவர் கதவைத் திறந்துவிட முடியாது. ஆமாண்ணே, நின்றாலும் சில நாள் எடுக்காது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அவ்வளவுதான், ஒரு வரி. வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவன் நான்.

"தேவையே இல்லண்ணே. தொட்டா ஸ்டார்ட்."

"நல்லது" என்றார். அன்றைக்கும் இரண்டு மணி நேரம் இருந்தார்.

மூன்றாவது தடவை பணத்தோடு வந்தார். கை வைத்தார், சிரித்தார். "மூணு தடவையும் உங்க எஞ்சின் என்னை நல்லா வரவேற்குது, தம்பி" என்றார். விலையில் ஒன்றும் குறைக்கச் சொல்லவில்லை. வண்டியில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்தபடி, "லைன் ஆரம்பிச்சதும் ஒருநாள் ரொட்டி கொண்டு வர்றேன். முதல் தட்டு, சூடா. அரை மணி முன்னாடி போன் பண்ணிட்டு வர்றேன்" என்றார்.

தெருமுனையில் திரும்பும்போது கையை வெளியே நீட்டி ஆட்டினார். பதிலுக்கு நானும் ஆட்டினேன். அந்தக் கை எனக்கு இப்போதும் கூசுகிறது.

5.

ஏன் வாங்கினார்? இதுதான் என் கதை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அவருக்குத் தெரியவே இல்லை என்பது ஒன்று. 'இருபத்தாறு வருடம் கொதிக்கும் குழாய்களைத் தொட்டுத் தொட்டு, அவருடைய உள்ளங்கை மரத்துப்' – சப்பைக்கட்டு. கை மரத்தவர் வெயிலைப் பற்றி எதற்குக் கேட்கிறார்?

எல்லாம் தெரிந்தே வாங்கினார் என்பது இரண்டாவது. மூடி ஆடவில்லை. ஆகவே அழுத்தம் சரியாக இருக்கிறது, கெட்டது ஹீட்டர் பிளக்தான். இதை முதல் நாளே புரிந்துகொண்டு, நல்ல எஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வீட்டுக்குப் போன மறுநாளே பிளக்கை மாற்றினார், அதற்கப்புறம் காலையில் ஒரே திருப்பல்தான். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. நான் ஒரு அப்பாவி, அவர் ஒரு மேதை. இதை எழுதும்போது பேனா தானாக ஓடியது. எனக்கு இவ்வளவு வசதியாக இருக்கும் ஒன்றை நான் நம்பத் தயாரில்லை. மூடி ஒரு சோதனைதான், ஒன்றை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதை அவருக்குள் இருந்து எழுதினேன்.

'ஏழாவது விளம்பரத்தைப் பார்த்ததும் ஜெனரேட்டர்காரர் வழக்கம்போலச் சொல்லாமல்தான் கிளம்பினார். வழியில் கால் நின்றது. ஆறு வீட்டில் திடீரென்று போய் நின்றாயிற்று. ஆறு பேரும் திருட்டு முழி முழித்தார்கள். ஒருவர்கூட உட்காருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால், விற்பவன் எஞ்சினைச் சூடாக்கி வைப்பான். கூடவே அடுப்பில் டீக்குத் தண்ணீரும் வைப்பான். இன்றைக்கு ஒரு நாள் சொல்லிவிட்டுப் போவோம் என்று போனை எடுத்தார். அங்கே போய்க் கையை வைத்ததும் தெரிந்துவிட்டது. நேராகக் கேட்டால் அவன் முகம் செத்துவிடும். டீ கிடைக்காது, இந்தப் பேச்சு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.'

எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. வந்த பிறகு சந்தேகமும் வந்தது. தனியாகக் கிடப்பது அவரா, நானா? என்னுடையதை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேனோ? அவருக்கு ஊர் முழுக்கச் சிநேகிதர்கள் இருக்கலாம். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது: அவர் முதல் தடவை வந்துபோன மறுநாள், கடைக்குப் போய் இன்னொரு டம்ளர் வாங்கி வந்தேன். வண்டி விற்க டம்ளர் தேவையில்லை. (இது கற்பனை இல்லை. அலமாரியில் இருக்கிறது.)

6.

இனி நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வண்டி போய் ஒரு மாதம் கழித்துக் குளிர் இறங்கியது. முதல் நல்ல குளிரன்று, விடிகாலை நாலே முக்காலுக்கு என் போன் அடித்தது. அவருடைய எண். மெத்தையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு முறை அடித்து நின்றது. நான் எடுக்கவில்லை.

நாலே முக்காலுக்கு அவர் இரண்டில் ஒரு இடத்தில் இருந்திருக்கவேண்டும். பேக்கரி வாசலில், ரொட்டித் தட்டுகளை ஏற்றிவிட்டு, முதல் தட்டை முன்சீட்டில் வைத்துக்கொண்டு, அரை மணியில் வருகிறேன் என்று சொல்வதற்காக. அல்லது தன் அறை வாசலில், பேட்டரி செத்துக்கொண்டிருக்க, வெள்ளைப் புகைக்கு நடுவில், தம்பி இதை நீங்கள் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்பதற்காக.

விளக்கைப் போடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அதனாலும் ஒன்றும் தெரியவில்லை. போனை எடுக்காத வீட்டுக்கு அவர் வரமாட்டார்.

'விடிந்ததும் கேட்டைத் திறந்தேன். கொக்கியில் ஒரு ரொட்டிப் பொட்டலம் தொங்கியது. தொட்டேன், இன்னும்' – தொங்கவில்லை. வெறும் கொக்கிதான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் ஆகிறது. அவர் மறுபடி கூப்பிடவில்லை.

7.

இந்தக் கதையை அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன். மூன்று தொடக்கம், ஒரு மோதிரக்காரன், ஒரு அடிக்குறிப்பு, மூன்று காரணம் என்று நீட்டிக்கொண்டே வந்ததெல்லாம் எதற்கு என்று உங்களுக்கு எப்போதோ புரிந்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்வரை கூப்பிடவேண்டாம் அல்லவா. எட்டாவது பகுதிக்குக்கூட ஒரு யோசனை வைத்திருந்தேன். அதில் பேக்கரிக்கு நேரில் போய், தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று, என் வேன் வருகிறதா என்று பார்ப்பதாக இருந்தது. அதையும் எழுதியிருந்தால் நன்றாகத்தான் எழுதியிருப்பேன்.

இப்போது மாலை நாலு மணி. ஞாயிற்றுக்கிழமை இல்லை. லைன் இருந்தாலும் வேலை முடிந்து வீட்டில் இருப்பார், இல்லாவிட்டாலும் வீட்டில்தான் இருப்பார். மாப்பிள்ளை வீட்டு சோபாவில் இருந்தாலும் போன் அவரோடுதான் இருக்கும்.

சொல்லவேண்டியதை எழுதி எதிரில் வைத்திருக்கிறேன்: 'அண்ணே, நான்தான். நீங்க வந்த மூணு தடவையும் எஞ்சினை முன்னாடியே சூடாக்கி வச்சிருந்தேன். வெயில் இல்லண்ணே. வேணும்னா வண்டியை நானே திரும்ப எடுத்துக்கறேன்.' என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட ஒரே பத்தி இதுதான்.

அவர் என்ன சொல்வார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இவ்வளவு நேரம் அவர் வாயில் போதுமான சொற்களை நானே போட்டாயிற்று. அவர் காறி உமிழலாம். தெரியும் தம்பி என்று சிரிக்கலாம். அந்த இடத்தை உங்களிடம் விட்டிருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதமாட்டேன்.

எண்ணை அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. பதினொன்று வரை விடுவேன், அவர் எனக்கு அவ்வளவு விட்டார்.

இப்போது நாலாவது.